தங்கச்சியின் மடிக்கணினி என்னிடம் இருந்த நாலு நாள்

அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டியை அம்மா பிரித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மேலே சொக்லேற், சவர்க்காரம், முழங்காலுக்குப் பூசும் களிம்பு. அடியில், ஒரு துவாயில் சுற்றி, மடிக்கணினி. அண்ணன் தொலைபேசியில் 'வீட்டுக்கு' என்றுதான் சொல்லியிருந்தார், யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மா அதைத் தூக்கித் தங்கச்சியின் மடியில் வைத்து, "அவளெல்லே படிக்கிறாள்" என்றார். எனக்கு ஒரு ஷம்பூப் போத்தல் கிடைத்தது. மூடி வெடித்துப் பாதி வழியிலேயே கசிந்திருந்தது.

புத்தூர்ச் சந்தியில் ஒரு தட்டச்சுக் கடையில் நான் வேலை செய்கிறேன். காணி உறுதி, விண்ணப்பம், கலியாணக் காட், செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், எல்லாம் என் கையால்தான் போகும். பத்து வருடத்துக்கு மேலாகக் காலை எட்டரை முதல் மாலை ஐந்து மட்டும் கணினிக்கு முன்னால் இருப்பவள் நான். அது மக்கர் பண்ணினால் திறந்து பார்ப்பவளும் நான்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு கணினி வந்தால் அது தங்கச்சிக்கு.

தங்கச்சி என்னிலும் மூன்று வயது இளையவள். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்துப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் சைக்கிளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிறகு அவள் பட்டதாரி ஆனாள், நெல்லியடிப் பக்கம் ஆசிரியை ஆனாள், கடைசியாகக் கல்வியியலில் முதுமாணிப் படிப்பையும் தொடங்கினாள். அம்மா காணியை எங்கள் இருவருக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தபோது கடைக்குட்டி என்று தாய்வீடு அவளுக்குப் போனது, அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். எனக்கு வெறுங்காணி வந்தது, அதில் எங்கள் இவர், என் மனுசன், வெங்காயம் விற்ற காசில் கட்டிய வீடு. நடுவில் வேலி, வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் அவள் வீட்டு ஓடு தெரியும். பொறாமைப்படுகிறவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை என்பார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு வயிறு எரியும். அவள் புதுச் சீலை கட்டினாலும் எரியும், பழஞ்சீலை கட்டி அது அவளுக்கு எடுப்பாக இருந்தாலும் எரியும்.

மடிக்கணினி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே அதைத் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்தாள். "அக்கா, இதை ஒருக்கா பாத்து விடன். எனக்கு உது ஒண்டும் விளங்காது." விளங்காது என்பதையும் அவள் ஒரு பெருமை போலச் சொல்லுவாள். நான் உள்ளே இருந்த வன்தட்டை, அம்மா காணியைப் பிரித்தது போல, இரண்டாகப் பிரித்தேன். சீ என்ற பகுதி கணினி தன்பாட்டுக்கு இயங்க. டீ என்ற பகுதி அவள் எழுதுவதை வைக்க. சீயில் என்ன நடந்தாலும் டீயில் கிடப்பது பிழைக்கும் என்று விளங்கப்படுத்தினேன். "ஆனா இதை மட்டும் நம்பாதை. எழுதுறதெல்லாத்தையும் பென்ட்ரைவிலையும் ஒரு கொப்பி எடுத்து வை" என்றும் சொன்னேன். "ஓம் ஓம்" என்று சிரித்தாள். எடுக்கவில்லை.

இது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. போன நவராத்திரிக்கு அவளுடைய ஆய்வறிக்கை முடிகிற தறுவாயில் இருந்தது. தொண்ணூறு பக்கம். விஜயதசமி கழிந்து இரண்டாவது திங்கட்கிழமை அதைக் கையளிக்க வேண்டும், தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மடிக்கணினித் திரையில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. இந்த இயங்குதளப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை, புதியதற்கு மாறுங்கள் என்று. "கடைக்குக் கொண்டு வா, கொப்பி எடுத்துப்போட்டு நான் மாத்தித் தாறன்" என்றேன். அவளுக்குப் பொறுமை ஏது? சரஸ்வதி பூசையன்று காலை, பள்ளிக்கூடத்து வாணி விழாவுக்குப் போகிற அவசரத்தில், தானே அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் படிப்பு, தொழில் சம்பந்தமான எல்லாவற்றையும் சுவாமி அறையில் கும்பத்துக்கு முன்னால் வைப்போம். புத்தகம், பேனை, தையல் மெசினின் கத்தரிக்கோல், எது இருந்தாலும். வைத்ததை அடுத்த நாள் விஜயதசமிப் பூசை முடியும் மட்டும் தொடக்கூடாது. அம்மா பின்னேரம், பூசைக்குச் சற்று முன், வீடெல்லாம் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். மேசையில் மடிக்கணினி கிடந்தது. அம்மாவின் கண்ணுக்கு அது மூடி போட்ட ஒரு பெரிய புத்தகம். மின்வயரைக் கழற்றி, மூடி, சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தக அடுக்கின் நடுவில் செருகிவிட்டார்.

சற்று நேரத்தில் நான் அவல் தட்டத்தோடு போனேன். என் பங்குக்கு வைக்க ஒரு பழைய அகராதிதான் இருந்தது. அதை வைக்கக் குனிந்தபோது, புத்தகங்களுக்கு இடையில், மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. தங்கச்சி தானே அழுத்திவிட்டாள், எங்கள் இணைய வேகத்தில் மாற்றம் இன்னும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த மின்கலம் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது என்பதும் தெரியும். அம்மா பக்கத்தில்தான் திரி திரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. வைத்ததை எடுக்கக்கூடாதுதானே என்று எனக்கு நானே ஒரு சட்டம் பேசினேன். தேவாரம் முடிந்து கண் திறந்தபோது வெளிச்சம் நின்றிருந்தது. இதை இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை, முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

விஜயதசமி காலை, பூசை முடிந்து, தங்கச்சி குளித்து முழுகி வந்து, நல்ல நேரத்துக்கு ஒரு வசனமாவது எழுதவேண்டும் என்று மடிக்கணினியைத் திறந்தாள். கறுப்புத் திரை. இயங்குதளத்தைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி. அணைத்துப் போட்டாள், அதே வரி. மூன்றாந்தரமும் அவள் போட்டதைப் பொட்டடியில் நின்று பார்த்தேன்.

"அக்கா!"

அந்தக் கூப்பிடுதலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. சின்ன வயதில் கிணற்றடியில் சறுக்கி விழுந்தபோது அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நானெல்லோ வயரைக் கழட்டினனான். எனக்கு என்ன கண்டறியாத வேலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மடிக்கணினியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியில் சந்தனம் காய்ந்திருந்தது. "பாப்பம். ஒண்டும் சொல்லேலாது" என்றேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குப் பிறகு கடையில் சனம் குறைவு. என் பென்ட்ரைவிலிருந்து மடிக்கணினியைக் கிளப்பி, வன்தட்டைப் பார்த்தேன். கணினி தனக்கென்று வைத்திருக்கிற சிறு பிரிவுகளோடு சேர்த்து ஐந்து பிரிவுகள் வரிசையாக வந்தன. நான் பிரித்த சீயும் டீயும் அப்படியே கிடந்தன. முன்னால் இருக்கிற மிகச் சிறிய பிரிவுதான் பழுது. கணினியைப் போட்டவுடன் முதலில் எழும்பி, இயங்குதளம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிற கோப்புகள் அதற்குள்தான் இருக்கும். மாற்றம் பாதியில் நின்றதால் அவை அழிந்து, புதியவை எழுதப்படாமல் போயிருந்தன. வீடு இருக்கிறது, சாமான் இருக்கிறது, படலைப் பூட்டின் திறப்பை மட்டும் காணவில்லை.

டீயைத் திறந்தேன். ஆய்வறிக்கை இருந்தது, தொண்ணூறு பக்கமும்.

தொடக்கக் கோப்புகளைத் திரும்ப எழுதப் பார்த்தேன், முடியாது என்றது. அந்தச் சிறு பிரிவுக்கும் சீ, டீ போல ஒரு எழுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப முயன்றேன், அதற்கும் முடியாது என்றது. அந்தப் பிரிவை மட்டும் முற்றாக அழித்துப் புதிதாக்கிவிட்டு எழுத வேண்டும் என்று விளங்கியது. அழிக்கிற கட்டளையில் பிரிவின் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒன்று என்றால் சிறு பிரிவு. நாலு என்றால் டீ. என் விரல் நாலாம் எண்ணுக்கு மேல் நின்றது. வேண்டுமென்று நின்றதா, தற்செயலாக நின்றதா என்று யாரும் கேட்டால் என்னால் சத்தியம் பண்ண ஏலாது. ஒரு எண் பிழைத்துவிட்டது என்று சொன்னால் ஊரே நம்பியிருக்கும். ஒன்றை அடித்தேன்.

ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மடிக்கணினி எழும்பி, மாற்றத்தைக் கைவிட்டுப் பழைய பதிப்புக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லி, சற்று நேரத்தில் அவளுடைய பிள்ளையின் படத்தோடு திறந்தது. சரிபார்க்க ஆய்வறிக்கையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் இடது ஓரம் ஒழுங்கில்லாமல் உள்ளே தள்ளி நின்றது. கோணல் ஓரத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. நேராக்கினேன், சேமித்தேன், மூடினேன். பத்து வருடப் பழக்கம் அது, யோசித்துச் செய்ததில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்லுவது என்றுதான் யோசித்தேன். பொட்டடியில் மூன்று பேரும் நின்றார்கள், தங்கச்சி, அவளுடைய மனுசன், அம்மா. மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அந்த மூன்று பேரும் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கஷ்டந்தான். இன்னும் பாக்கவேணும்" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை காலை அம்மா பிட்டும் முட்டைப்பொரியலும் கொண்டுவந்தார், எனக்கென்று தனியாகச் சம்பல் இடித்து. தங்கச்சி ஒரு நாளில் மூன்று தரம் வந்தாள். வந்தால் கதிரையில் இராள், நான் மடிக்கணினியைத் திறக்கிறபோது சுவரோடு ஒட்டி நிற்பாள். நான் பென்ட்ரைவைச் செருகி, கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓட விட்டு, நெற்றியைச் சுருக்குவேன். "ஏதும் தெரியுதோ அக்கா?" என்பாள். "பொறு, கதையாதை" என்பேன். பெரிய வைத்தியர் மாதிரி. அவளுடைய மனுசன், கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னோடு பத்து வசனம் பேசாதவர், தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்து, "அக்கா இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது" என்றார். எங்கள் இவர்தான் ஒரு தரம் சந்தேகப்பட்டார். "என்னப்பா, கடையிலை மற்றவையின்ரையை ஒரு நாளிலை முடிச்சுக் குடுக்கிறனீர், இதென்ன இவ்வளவு இழுபடுது?" என்றார். உமக்கு வெங்காயத்தைப் பற்றித்தான் தெரியும் என்று வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தரந்தான் வந்தாள். திங்கட்கிழமை வரவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபடுகிறவளை எட்டிப்பார்க்க நேரமில்லையோ, பட்டதாரிக்குப் பவுசு திரும்பிவிட்டதோ என்று. நான் பாடுபடவேயில்லை என்பது அந்தக் கோபத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், இனிப் போதும் என்று, மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனேன். அவள் பின்விறாந்தையில் பாய் விரித்து இருந்தாள். சுற்றிவரக் கட்டுக் கட்டாக, ஆய்வுக்காகப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்கள், காற்றுக்குப் பறக்காமல் மேலே செங்கட்டி. மடியில் எழுதுகிற பெரிய கொப்பி. விரலெல்லாம் மை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திங்கள் விடியற்காலையிலிருந்து ஆய்வறிக்கையைத் திரும்பக் கையால் எழுதுகிறாள் என்று அம்மா மெல்லமாகச் சொன்னார்.

"வந்திட்டுது. எல்லாம் இருக்கு" என்றேன்.

அவள் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மை என் சட்டையில் பட்டது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பாயில் கிடந்த கொப்பியைப் பார்த்தாள். "ஆனா அக்கா, இனி அது தேவையில்லை போல கிடக்கு. அதிலை பாதி அங்கை இஞ்சை எடுத்து ஒட்டினது. இப்ப பாக்காமல் எழுதேக்கைதான் நான் என்ன சொல்ல வாறன் எண்டு எனக்கே விளங்குது. இதையே குடுக்கப்போறன். நாளைக்கு முடிஞ்சிடும். நீ அடிச்சுத் தாறியோ? உன்ரை கைவேகம் ஒருத்தருக்கும் வராது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒளித்து வைத்த நாலு நாளையும் அவள் லாபமாக்கிவிட்டாள். அவளிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் அது கூடித்தான் அவளிடம் திரும்பிப் போகிறது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, "தா" என்றேன்.

புதனும் வியாழனும் கடையில் இருந்து அடித்தேன். அறுபத்திரண்டு பக்கம். நன்றாக இருந்தது, அதுதான் பெரிய எரிச்சல். தோட்ட வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஏன் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாள். வாசித்துக்கொண்டே அடிக்கிற பழக்கம் எனக்கில்லை, கண் பார்க்கும், கை அடிக்கும், அவ்வளவுதான். இதை வாசித்தேன். ஒரு இடத்தில் என் சின்ன வயதுப் பள்ளிக்கூடம் அப்படியே வந்தது. கடைசித் தாள் நன்றியுரை. பேராசிரியர், அதிபர், கணவர் எல்லாருக்கும் ஒவ்வொரு வரி. அதற்குப் பிறகு இப்படி இருந்தது.

'என் கணினி பழுதுபட்டு எல்லாம் போய்விட்டது என்று நான் இடிந்து போயிருந்தபோது, தன் வேலைகளை ஒதுக்கி வைத்து அதை மீட்கப் போராடிய என் அக்காவுக்கு நான் என்றும் கடன்பட்டவள்.'

கை நின்றது. இந்த வரியை அடிக்காமல் விடலாமோ என்று பார்த்தேன். விட்டால் ஏன் என்று கேட்பாள். எனக்கான நன்றியை நானே, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், அடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சடித்த தாள்களை எடுக்க வந்தாள். பழைய கோப்பிலிருந்து இரண்டு அட்டவணை மட்டும் வேண்டும் என்று மடிக்கணினியையும் கொண்டுவந்திருந்தாள். என் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து டீயைத் திறந்தாள். பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் கடைசியாக மாற்றிய நாளும் நேரமும் நிற்கும். உது ஒன்றும் விளங்காது என்று சொன்னவள் அதைப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"அக்கா, இதிலை போன வெள்ளிக்கிழமை மூண்டேகால் எண்டு காட்டுது."

போட்டோக்கொப்பி மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கோப்பைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஓரம் நேராக் கிடக்கு" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஷம்பூப் போத்தலில் தொடங்கி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பேன். அவள் இரண்டு அட்டவணையையும் எடுத்துத் தந்தாள். அடித்துக் கொடுத்தேன். தாள்களை அடுக்கி, "பைண்டிங்குக்கு நேரமாகுது" என்று சொல்லி எழும்பிப் போனாள்.

கட்டி வந்த புத்தகத்தை அம்மா என்னிடம் காட்டியபோது நான் முதலில் திருப்பிப் பார்த்தது அந்த நன்றிப் பக்கத்தைத்தான். எடுத்திருப்பாள் என்றிருந்தேன். தனித் தாள்தானே, உருவிவிட்டால் யாருக்குத் தெரியும்? அப்படியே இருந்தது. கிணற்றடியில் அவள் தனியே நின்றபோது, "ஏன் அதை எடுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"எடுத்தா பக்க எண்ணெல்லாம் மாறிப்போமெல்லே அக்கா" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. யார் வந்தாலும் அம்மா வெளியே எடுப்பார். ஆய்வு என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் தெரியும், மூலை மடித்து வைத்திருக்கிறார். "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், எப்பிடி ஒற்றுமை பாருங்கோ" என்பார். நான் தேத்தண்ணித் தட்டோடு நிற்பேன். தங்கச்சி இருந்தால் அவள் நிலத்தைப் பார்ப்பாள்.

தைப்பொங்கலுக்கு அண்ணன் கனடாவிலிருந்து வந்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா புத்தகத்தை எடுத்து என் கையில் தந்து, "பிள்ளை, அதை ஒருக்கா அண்ணைக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். நான் வாசித்தேன். அண்ணன் எழும்பி அறைக்குள் போய் ஒரு பெட்டியோடு வந்தார். புது மடிக்கணினி. "உனக்கு எண்டு முதலே தந்திருக்க வேணும். அம்மா போனிலை சொல்லேக்கைதான் யோசிச்சனான்" என்றார். பெட்டியை நடுவில் வைத்துவிட்டு, "மெய்யே, எத்தினை நாள் பிடிச்சது திருத்த?" என்று கேட்டார்.

தங்கச்சி எனக்கு நேரே இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக ஆசைப்பட்ட பொருள் ஒரு முழத்துக்கு அங்கால் கிடந்தது. நாலு நாள் என்று சொன்னால் முடிந்தது, எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அதுதான். எனக்கு அந்த நேரம் ஆத்திரம்தான் வந்தது. அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறது, அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் விட்டு வைக்க முடிகிறது, இதிலும் நான் அவளுக்குக் கீழேயா என்று.

"ஒண்டரை மணித்தியாலம் அண்ணை" என்றேன். "வெள்ளிக்கிழமையே சரிவந்திட்டுது. மிச்ச நாலு நாளும் சும்மா வைச்சிருந்தனான்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவளின்ரை பகிடி" என்றார் அம்மா. எங்கள் இவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இல்லை, பகிடியில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

தங்கச்சி உரித்த பழத்தைப் பிளந்து ஒரு பாதியை என் கையில் வைத்தாள். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"பிடி அக்கா" என்றாள். "இதையும் ரெண்டாப் பிரிச்சுப்போட்டு, மறக்காமல் ஒரு கொப்பி எடுத்து வை."